ஐந்தாம் அங்கம் இல்லாத ஊர்

எங்கள் புன்னைத்துறையில் தளபதி வேஷம் கட்டியவன் மூன்று வருஷத்துக்குள் ஏதாவது ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவான். அதனால்தான் அறுப்பின் பண்டிகைக்கு ஆறு மாதம் முன்பே அந்த வேஷத்துக்குச் சபையில் தேர்தல் நடக்கும், தேர்தலில் இரண்டு மண்டை உடையும், உடைந்த மண்டைகளுக்காகப் போதகர் ஜெபம் செய்வார், அதற்குப் பிறகு பூசணிக்காய் ஏலமும் நாடகமும் ஆட்டுக்கறி பிரியாணியும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நூற்றுப் பத்து வருஷமாக இந்த வரிசை மாறியதில்லை.

நாடகம் எங்கள் சொந்தச் சரக்கு இல்லை. ஹெல்விக் துரை என்கிற ஜெர்மன் மிஷனரி கப்பலேறி வந்தபோது வேதாகமத்தோடு சேர்த்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்த செய்யுள் நாடகம். ஒரு தளபதிக்கு ராஜாவாக ஆசை, குறுக்கே நிற்கிறவன் கூடப் பிறந்த தம்பி. ஆற்றில் வெள்ளம் புரண்டு வரும் நாளில் தம்பி கோட்டைக்கு வெளியே நிற்கும்போது அண்ணன் கதவைச் சாத்தித் தாழ் போடுகிறான். நாலாம் அங்கத்தில் கிரீடம் சூட்டிக்கொண்டு தம்பியின் பிணத்தைப் பார்க்க வெளியே வருகிறான், பின்னால் கதவு சாத்திக்கொள்கிறது, ‘திற’ என்று மூன்று தடவை கத்துகிறான், திரை விழுகிறது. துரை நாலு அங்கத்தையும் விருத்தமாகத் தமிழில் கட்டிவிட்டு, ‘ஐந்தாம் அங்கம்’ என்று தலைப்பெழுதி அதன் கீழே கோடும் இழுத்துவிட்டுக் காலராவில் போய்ச் சேர்ந்தார். அந்த அங்கத்தில் தளபதிக்கு மீட்பு கிடைக்கிறது என்று மட்டும் தலைமுறை தலைமுறையாக ஒரு பேச்சு உண்டு. எங்களுக்கு அது தேவைப்படவில்லை. ஒருவன் ஆசைப்படுவதையும் ஜெயிப்பதையும் பார்த்துக் கைதட்டிவிட்டு இலை போட்ட இடத்துக்கு ஓடிவிடுவோம்.

நான் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கிறவன். முப்பத்திரண்டு வருஷம் அந்த வேலை. யார் எந்த இடத்தில் தடுமாறுவான் என்று எனக்குத் தெரியும், வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

மிஷன் மேல்நிலைப்பள்ளிக்குத் தாளாளர் பதவி காலியான வருஷம் அது. பள்ளியின் தலைமையாசிரியர் அருமைநாயகம் சாருக்குத்தான் அது கிடைக்கும் என்று மேசைக்கும் நாற்காலிக்கும்கூடத் தெரிந்திருந்தது. அவருடைய அண்ணன் வேதமாணிக்கம் தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர், மனு எழுதுவதில் மன்னன். அவர் ‘மேற்படி’ என்று எழுதினால் அந்த மகரத்தின் வயிறே தனி அழகாக இருக்கும். தம்பி தாளாளர் ஆவதை அவரால் தாங்க முடியவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஒரு நாள் பேராயர் அலுவலகத்துக்கு ஒரு மனு போனது. தலைமையாசிரியர் பொதுத்தேர்வில் பிள்ளைகளுக்கு விடை சொல்லிக்கொடுத்தார் என்று மூன்று பக்கம், அதன் கீழே நாற்பத்தொரு பேருடைய கையெழுத்து. எழுதியவர் கையெழுத்து மட்டும் அதில் இல்லை. ஆனால் அந்த மகரத்தின் வயிற்றைப் பார்த்தபிறகு எங்களுக்கு வேறு கையெழுத்து வேண்டியிருக்கவில்லை.

பதினேழாவது கையெழுத்து என்னுடையது. என் மகளுக்கு நூலகர் வேலை வாங்கித் தருவதாக அவர் சொல்லியிருந்தார்.

அருமைநாயகம் சாரை இடைநீக்கம் செய்த கடிதம் வியாழக்கிழமை வந்தது, வெள்ளிக்கிழமை அவர் பள்ளிக்கூடக் கிணற்றில் மிதந்தார். தன் கையால் போனவனுக்குக் கல்லறைத் தோட்டத்துக்குள் இடமில்லை என்பது எங்கள் சபையின் பழைய சட்டம், ஆகவே அவரை வடக்கு மதிலுக்கு வெளியே, எருக்கஞ்செடிகளுக்கு நடுவே புதைத்தோம். அவர் மனைவி சுகிர்தம் மூன்று தடவை சபைக் கமிட்டிக்கு எழுதினாள், என் புருஷன் குற்றம் செய்யாதவர், அப்படிச் சபையில் வாசித்து அவரை மதிலுக்குள் கொண்டுவாருங்கள் என்று. மனு பொய் என்று அதை எழுதியவரே ஒப்புக்கொண்டால் பரிசீலிக்கலாம் என்று கமிட்டி மூன்று தடவையும் ஒரே பதிலை அனுப்பியது. எழுதியவர் யார் என்று கமிட்டிக்கு அலுவல்முறையில் தெரியாது. அந்தப் பதிலையும் வேதமாணிக்கம்தான் எழுதினார், அப்போது அவர் தாளாளர்.

அந்த வருஷம் தளபதி வேஷமும் அவருக்கே விழுந்தது. சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமாக நடித்தார். மாலை நாலு மணி வெயிலில் பலகைக் கதவுக்கு முன்னால் முழங்கால் போட்டு ‘திற, திற, திற’ என்று கத்தியபோது கைக்குழந்தைகள்கூட அழுகையை நிறுத்தின. திரை விழுந்தது. பிரியாணிக்கு முந்தின ஸ்தோத்திர ஆராதனைக்காக எல்லோரும் கோயிலுக்குள் போனோம். அவர் மட்டும் போகவில்லை.

போகவில்லை என்பதில்லை, காலை எடுத்து வைத்தார், கால் வெளியிலேயே இறங்கியது. மறுபடி எடுத்து வைத்தார், மறுபடியும் வெளியிலேயே இறங்கியது. யாரும் தள்ளவில்லை, காற்றுகூட அடிக்கவில்லை, வாசல் திறந்துதான் கிடந்தது. வீட்டுக்குப் போனார், வீட்டு வாசலிலும் அப்படியே ஆனது. கொல்லைப்புறமாக முயன்றார், ஜன்னல் கம்பியைக் கழற்றிவிட்டு முயன்றார், ஒன்றும் நடக்கவில்லை. நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் நுழைந்தார்கள், நாலு பேரும் உள்ளே இருந்தார்கள், நாற்காலியும் அவரும் வெளியே இருந்தார்கள். காருக்கும் கதவு உண்டு என்பதால் காரும் ஏற்கவில்லை, ஸ்கூட்டர் ஏற்றது. டாக்டர் வந்து முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சுண்ணாம்புச்சத்து குறைவு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஒரு வாரம் பேசினோம், இரண்டாம் வாரம் பழகிவிட்டது. அவர் மனைவி ராகேல் புன்னை மரத்தடியில் கட்டிலைப் போட்டாள், கதவு வைக்காத ஒரு கீற்று மறைப்பு கட்டினாள், மூன்று வேளையும் சோற்றை வெளியே கொண்டுவந்து அவரோடு மண்ணில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பள்ளிக்கூடக் கோப்புகள் மரத்தடிக்கு வந்தன. வெட்டவெளியில் போட்ட கையெழுத்து செல்லும் என்று பேராயர் அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. தாளாளர் மழையில் நனைகிறார் என்று பிள்ளைகளிடம் ஆளுக்கொரு ஓலை வாங்கிப் பந்தல் போட்டோம். கமிட்டிக் கூட்டம் பந்தலுக்கு வந்தது, பிறகு ஞாயிறு ஆராதனையும் வந்தது, ஏனென்றால் தாளாளர் இல்லாமல் ஆராதனை நடத்தப் போதகர் மனாசேக்குத் துணிச்சல் இல்லை. கல்யாணங்களும் வெளியே நடந்தன. நூற்றைம்பது வருஷக் கோயில் காலியாகக் கிடந்தது. சுகிர்தம் மட்டும் ஞாயிறுதோறும் உள்ளே போய் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, வெளியே நாங்கள் பாடுவதைக் கேட்டுவிட்டுப் போனாள்.

ஆனாலும் வெளியே படுக்கிற மனுஷனுக்கு எத்தனை நாள் உடம்பு தாங்கும்? மார்கழிப் பனியில் இருமல் பிடித்துக்கொண்டது. நாடகம் பாதியில் நின்றதுதான் கோளாறு, ஐந்தாம் அங்கத்தை ஆடினால் தளபதிக்குக் கதவு திறக்கும், இவருக்கும் திறக்கும் என்று ராகேலுக்குத் தோன்றியது. அது எங்கள் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. துரையின் ஜெர்மன் புத்தகம் கோயில் அலமாரியில் இருந்தது. ஊரில் ஜெர்மன் தெரிந்தவள் ஒருத்திதான், மிஷன் ஆஸ்பத்திரியில் ஜெர்மன் சிஸ்டர்களோடு இருபது வருஷம் நர்ஸ் வேலை பார்த்த சுகிர்தம்.

போதகரும் ராகேலும் நானும் அவள் வீட்டுக்குப் போனோம். அவள் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள், எழுந்திருக்கவில்லை.

“சுகிர்தம், பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதம்மா. மனுசன் படுற பாட்டைப் பாரு” என்றார் போதகர்.

“பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் ஐயா. பந்தல் போட்டு, ஃபேன் மாட்டி, நல்லாத்தான் பாடுபடுறாரு.”

ராகேல் புத்தகத்தை அவள் மடியில் வைத்தாள். “நான் கேக்குறேன் சுகிர்தம். அவருக்காக இல்லே, எனக்காக. ரெண்டு நாளாச் சளியில ரத்தம் வருது.”

சுகிர்தம் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு ராகேலைப் பார்த்தாள். இருவரும் ஒரே வீட்டுக்கு மருமகளாக வந்தவர்கள், ஒருத்தி பிரசவத்துக்கு ஒருத்தி வெந்நீர் போட்டவர்கள். “உனக்காகப் படிக்கிறேன் அக்கா” என்றாள்.

மூன்று மாதம் எடுத்துக்கொண்டாள். ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம் முடிந்தபின் தாள்களோடு பந்தலுக்கு வந்தாள். வேதமாணிக்கம் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“என்ன எழுதியிருக்கு?”

“மீட்புதான் அத்தான். தம்பி பொண்டாட்டி வெள்ள சீலை கட்டிக்கிட்டு கதவுக்கு உள்பக்கம் வந்து நிக்கிறா. நாப்பது வரி பேசுறா. வானம் மன்னிக்குது, ஆறு மன்னிக்குது, நானும் மன்னிக்குறேன்னு சொல்லித் தாழைத் திறக்குறா. தேவதூதர்கள் பாடுறாங்க. அவ்வளவுதான்.”

“தளபதி என்ன பேசுறான்?”

“ஒண்ணும் பேசல. ஒரு வரிகூட இல்ல. நானும் தாளைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன், செஞ்சது தப்புன்னு அவன் எங்கியும் சொல்லல.”

அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன். பேச வேண்டாத மீட்பு. அவருக்காகவே எழுதினது போல இருந்தது.

தம்பி மனைவி வேஷத்தை யார் கட்டுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருத்தியின் புருஷனை ஒருத்தன் கொன்றால், கொன்றவனைக் காப்பாற்றவும் அந்தப் பெண்ணேதான் வந்து நிற்க வேண்டும் என்பதில் எங்களுக்கு எந்த விகற்பமும் படவில்லை. ஜெர்மன்காரனுக்கே படவில்லை, எங்களுக்கு எங்கே படப்போகிறது? சுகிர்தமும் மறுக்காமல் ஒத்திகைக்கு வந்தாள், தாளில் இருந்தபடியே பேசினாள், போனாள்.

பண்டிகைக்கு மூன்று சபை ஜனம் கூடியது. பேராயர் அலுவலகத்திலிருந்து பெரிய ஆட்கள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். நாலு அங்கம் ஓடியது, ‘திற’ என்ற மூன்றாவது கத்தலில் அவருக்கு இருமல் வந்தது, அதுவும் நன்றாகவே பொருந்தியது. பிறகு நூற்றுப் பத்து வருஷத்தில் முதல் தடவையாக ஐந்தாம் அங்கத்துக்குத் திரை எழுந்தது. வெள்ளைச் சேலையில் சுகிர்தம் கதவுக்கு உள்பக்கம் வந்து நின்றாள். அவள் கட்டியிருந்த செய்யுள் எங்கள் துரையின் தமிழைவிட நல்ல தமிழ்.

‘ஆறு வடிந்தது அண்ணலே, என் கண்ணும் வடிந்தது,
சேறு காய்ந்தது, உன் சுவடோ இன்னும் காயவில்லை’

என்று அவள் தொடங்கியபோது பெண்கள் பக்கத்தில் விசும்பல் கேட்டது. நாற்பது வரியையும் ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். நான் தாளில் விரலை வைத்துக்கொண்டே வந்தேன். கடைசி வரி முடிந்தது, தாழில் கையை வைத்தாள். கதவுக்கு வெளியே வேதமாணிக்கம் எழுந்து நின்றார். அப்போது அவள் செய்யுளை விட்டுவிட்டு வீட்டில் பேசுகிற குரலில் கேட்டாள்.

“தொறக்குறேன் அத்தான். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. அந்த மனுவை எழுதுனது யாரு?”

அவர் திரைப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார், நடிகன் வசனம் மறந்தால் பார்க்கிற அதே பார்வை. ‘நான்தான்’ என்று ஒரு சொல்லை நான் எடுத்துக்கொடுத்திருக்கலாம். அவர் சொல்லியிருப்பாரோ என்னவோ, கொடுத்திருக்கலாம். ஆனால் அதற்குப் பின்னால் நாற்பத்தொரு பேரும் எழ வேண்டிவரும், பதினேழாவதாக நானும் எழ வேண்டிவரும், என் மகள் அப்போது நூலகத்தில் நிரந்தரமாகியிருக்கவில்லை. நான் தாளைப் புரட்டினேன். தேடுகிறவன் மாதிரி முன்னும் பின்னும் புரட்டினேன்.

அவர் முன்வரிசையைப் பார்த்தார். அங்கே இருந்தவர்கள் அவரை அடுத்த மூன்று வருஷத்துக்கும் தாளாளராக நீட்டிக்க வந்தவர்கள்.

“புஸ்தகத்துல இல்லாததையெல்லாம் கேக்கக் கூடாது” என்றார்.

சுகிர்தம் தாழிலிருந்து கையை எடுத்தாள். “அப்ப சரி அத்தான்” என்று சொல்லிவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனாள். போதகர் மனாசே எழுந்து கீர்த்தனை ஒன்றை ஆரம்பித்தார். ஆறு சரணத்தையும் விடாமல், வழக்கத்தைவிடச் சத்தமாகப் பாடினோம். பிரியாணி நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவர் பந்தலிலேயே இருந்தார், பதவி நீண்டது, இருமலும் நீண்டது. ராகேல் மட்டும் ஒரு நாள் என்னிடம், “நாலு பேரு முன்னாடி வேணாம், சுகிர்தம் காதுல மட்டுமாச்சும் சொல்லுங்கன்னு கால்ல விழுந்தேண்ணே. தாளாளர் பொண்டாட்டியா இருந்துக்கிட்டு என்னடி பேச்சு பேசுறன்னு கேக்குறாரு” என்றாள்.

கார்த்திகையில் ஆறு நாள் விடாத மழை பெய்தபோது, எந்த ஆஸ்பத்திரி வாசலுக்குள்ளும் நுழைய முடியாமல், ராகேல் பிடித்த குடைக்குக் கீழே அவர் உயிர் போயிற்று.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். இரும்புக் கேட் அகலத் திறந்திருந்தது. முன்னால் நால்வர் உள்ளே போனார்கள், பின்னால் நால்வர் உள்ளே போனார்கள், பெட்டி வெளியே சேற்றில் உட்கார்ந்திருந்தது. மூன்று தடவை பார்த்தோம். போதகர் கூட்டத்தில் சுகிர்தத்தைத் தேடினார். அவள் ராகேலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஒரு வார்த்தை சொல்லிடும்மா. செத்தவரு மேல என்ன கோவம்?”

“எனக்கு அவரு மேல கோவம் இல்லை ஐயா. தாழ் என்கிட்ட இருக்குன்னு நீங்கதான் நெனச்சிக்கிட்டு இருக்கீங்க. மனுவுல நாப்பத்தொரு பேரு போட்டிருக்காங்க. ஒருத்தர் இப்ப வாயைத் தொறந்து, அது பொய்யின்னு சொல்லட்டும். பெட்டி போகுதா இல்லியான்னு பாப்போம்.”

மழை பெய்துகொண்டிருந்தது. ஒருவர் செருப்பை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். கமிட்டிக்காரர் ஒருவர்தான் ஊரைக் காப்பாற்றினார், மதிலை இடித்துவிட்டால் வாசல் என்ற பேச்சே இல்லையே என்றார். உயிரோடிருந்தபோது இதைச் சொன்னதற்கு, திருடன் நுழைகிற வழியில் நான் நுழைய வேண்டுமா என்று வேதமாணிக்கம் காறித் துப்பினாராம். இப்போது அவரால் துப்ப முடியாது. கொத்தனார் மஸ்தான் பாயைக் கூப்பிட்டோம், வடக்குப் பக்கம்தான் மதில் இளகியிருந்தது, இருபதடி நீளத்துக்கு அஸ்திவாரம் தெரிய இடித்துத் தள்ளினார். ஊரே எருக்கஞ்செடிகளை மிதித்துக்கொண்டு சுற்றிப் போனது. பெட்டி தடையில்லாமல் உள்ளே போயிற்று. மண் போட்டுத் திரும்பியபோதுதான் கவனித்தேன், அருமைநாயகம் சாரின் மேட்டின் மேல் எங்கள் இருநூறு பேர் கால்தடமும் இருந்தது.

மூன்றாம் நாள் வெயில் வந்தது, மஸ்தான் பாய் செங்கலோடு வந்தார். நானும் போதகரும் மேற்பார்வைக்கு நின்றோம். சுகிர்தம் மிதிபட்ட மேட்டைக் கையால் கூட்டிச் சரிசெய்துகொண்டிருந்தாள். போதகர் நெஞ்சிலும் கொஞ்சம் ஈரம் இருந்திருக்கும், அவளருகே போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“சுகிர்தம், மதிலைக் கொஞ்சம் வெளியே தள்ளி வளைச்சுக் கட்டிடச் சொல்றேன். சார் உள்ளே வந்துருவாரு. யாரும் கேக்க மாட்டாங்க, நானும் எழுத்துல எதுவும் வைக்கல. சத்தமில்லாம முடிஞ்சிரும்.”

மூன்று வருஷத்துக்கு மேலாக அவள் கேட்ட இடம் அது. மஸ்தான் பாய் நூலைக் கையில் பிடித்துக்கொண்டு, “ரெண்டு நடை செங்கல் கூட வரும், அவ்வளவுதான். நான் கட்டிக் குடுத்துர்றேம்மா” என்றார்.

“ஞாயித்துக்கிழமை சபையில வாசிப்பீங்களா ஐயா? அவரு குத்தம் செய்யலன்னு?”

போதகர் செங்கலைப் பார்த்தார். அவள் என் பக்கம் திரும்பினாள். “அண்ணே, நீங்க?”

என் மகள் போன சித்திரையில் நிரந்தரமாகிவிட்டாள். எனக்கு இனிப் பயப்பட ஒன்றுமில்லை. சொல் தொண்டை வரை வந்தது, சத்தியமாக வந்தது. இத்தனை வருஷம் கழித்து இப்போது சொன்னால், அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே நின்றேன்.

அவள் பிறகு மேட்டின் மேல் ஒட்டியிருந்த ஒரு காரைத் துண்டை எடுத்து மதில் பக்கம் போட்டுவிட்டு, “பாய், நேராவே கட்டுங்க” என்றாள்.

மஸ்தான் பாய் போதகரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பழைய அஸ்திவாரத்தின் மேல் நூலைப் பிடித்தார். நாங்கள் உள்பக்கம் நின்றோம், அவள் வெளிப்பக்கம் நின்றாள். ஒவ்வொரு வரிசையாக மதில் எழும்பியது. மத்தியானத்துக்குள் அவள் இடுப்புவரை மறைந்தாள், சாயங்காலத்துக்குள் தலையும் மறைந்துவிட்டது.